மாவு உப்பும் நேரத்தில் ஒரு பை

நண்பர்களுக்கு பிரெட் சுட்டுக் கொடுப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். தையல் மெஷின் அப்புறம் வந்தது. இரண்டையும் தனித்தனி வேலையாகவே வைத்திருந்தேன். ஒன்றைச் செய்யும் நாளில் மற்றதைத் தொட மாட்டேன். இந்த முறை பிரெட்டையும் அதை வைத்துக்கொள்ள ஒரு துணிப்பையையும் ஒரே நாளில் செய்தேன். மாவு ஓய்வெடுக்கும்போது தைப்பது, தையல் ஓரிடத்தில் நிற்கும்போது மாவைப் பார்ப்பது என்று வேலை மாறி மாறிப் போனது. அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

செய்தது இரண்டு பேருக்காக. ஒருவருக்கு மேலோடு மொறுமொறுவென்று இருக்கிற உருண்டை பிரெட் என்றால் உயிர். இன்னொருவருக்கு விரல் மூட்டுகளில் வலி. கெட்டியான பிரெட்டை அறுப்பதும், இறுகிய முடிச்சை அவிழ்ப்பதும் அவருக்குச் சிரமம். ஆள் மாறியதும் பிரெட்டின் அளவு, சூடு, பையின் வாய், நாடாவின் அகலம் எல்லாமே மாறின. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்: ஒவ்வோர் அளவையும் முடிவு செய்யும்போது அந்த ஆளை நினைத்தாக வேண்டியிருக்கிறது.

பிரெட்டுக்கு ஏன் துணிப்பை? சுட்டு எடுத்த பிரெட்டின் உள்ளே ஈரம் அதிகம், மேலோட்டில் குறைவு. நேரம் ஆக ஆக உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் நகரும். பிளாஸ்டிக் உறையில் அதற்குப் போக்கிடம் இல்லாததால் மேலோடு நமத்துவிடும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். துணி அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஆனால் பிரெட் பழசாவதைத் துணிப்பை நிறுத்திவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. ழான் பாப்டிஸ்ட் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே, காற்றுப் புகாமல் அடைத்து வைத்த பிரெட்டும், ஈரம் குறையாமலேயே, பழசாகிறது என்று காட்டிவிட்டார். சூட்டில் குழைந்த மாவுச்சத்து ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகுவதுதான் காரணம். ஃபிரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று யாருக்குக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன். இரண்டு நாளில் சாப்பிடுவது துணிப்பையில், மீதி ஃப்ரீசரில். இறுகிய துண்டை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி இளகிவிடும்.

பைக்கு நடுத்தர கனமுள்ள வெள்ளைப் பருத்தித் துணி எடுத்தேன். லினன் இன்னும் நல்லது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நனைந்தாலும் பலம் குறையாது. ஆனால் பருத்தி கையில் இருந்தது, தைக்கவும் சுலபம். புதுத் துணியில் கஞ்சியும் மினுமினுப்புக்காகப் போட்ட பூச்சும் இருக்கும். உணவு படப்போகிற துணி என்பதால் சுடுநீரில் துவைக்காமல் வெட்டுவதே இல்லை. சுருக்கம் இன்னொரு காரணம். இந்தத் துணியில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, துவைத்துக் காயவைத்து அளந்து பார்த்தேன். பாவு நூல் போகும் நெடுக்கில் 19 ஆகியிருந்தது, ஊடை நூல் போகும் குறுக்கில் 19.6. நெடுக்கில் 5 சதவீதம் போய்விட்டது. 40 சென்டிமீட்டர் உயரப் பை என்றால் இரண்டு சென்டிமீட்டர் சும்மா காணாமல் போகும். முழுத் துணியையும் அலசி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டு, முந்தின நாளே தயாராக வைத்துவிட்டேன்.

காலையில் முதல் வேலை மாவு. உருண்டை பிரெட்டுக்கு மாவு 500 கிராம், தண்ணீர் 340, உப்பு 10, உடனடி ஈஸ்ட் 3 கிராம். மாவை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாகப் பார்ப்பதுதான் பேக்கரிக் கணக்கு. இதில் தண்ணீர் 68, உப்பு 2. தண்ணீரில் 20 கிராமை உப்புக்காக ஒதுக்கிவிட்டு, மீதி 320-ஐ மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாமல் போகும் வரை கிளறி மூடி வைத்தேன். உப்பும் ஈஸ்டும் இன்னும் சேர்க்கவில்லை. ரேமண்ட் கால்வெல் என்ற பிரெஞ்சு பிரெட் நிபுணர் 1974-ல் வகுத்த முறை இது. மாவு தானாகவே தண்ணீரைக் குடித்து, பசைப்புரதம் (குளூட்டன்) இழைபிடிக்கத் தொடங்கிவிடும். உப்பு அந்த இழைகளை இறுக்கிவிடும் என்பதால் அது பிறகு வரும். அரை மணி நேரம் நம் கை வலிக்காமல் மாவு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த அரை மணியில்தான் துணி வெட்டினேன். அதற்கு முன் கையை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். நகத்தோரம் ஒட்டிய ஈரமாவு துணியில் பட்டுக் காய்ந்தால் ஊசி அங்கே தடுமாறும். மாவு ஒரு மேஜையில், தையல் வேறு மேஜையில். இந்த நாளில் குண்டூசி பெட்டியைத் திறப்பதே இல்லை என்பது என் கறாரான விதி. மாவுக்குள் விழுந்த குண்டூசியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, சாப்பிடுகிறவர்தான் கண்டுபிடிப்பார். துணியைப் பிடிக்க பிளாஸ்டிக் கிளிப்புகள் போதும். அவை பெரியவை, பளிச்சென்ற நிறத்தில் இருப்பவை.

பையின் அளவை பிரெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதே அளவு மாவில் முன்பு சுட்ட உருண்டையின் குறுக்களவு 22 சென்டிமீட்டர், உயரம் 10. அதன் மேலும் கீழுமாக இஞ்ச் டேப்பைச் சுற்றியபோது 54 வந்தது. அதில் பாதி 27. தாராளமாக நுழைய 4 கூட்டினால் பையின் அகலம் 31. உயரத்துக்கு 22-ஓடு பாதிக் கனம் 5, வாய் சுருங்க 13, ஆக 40. அடியில் தையலே இல்லாமல் ஒரே துண்டை மடித்துத் தைப்பதால், வெட்ட வேண்டிய துண்டு 34-க்கு 88: பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்கு, மேல்வாயில் இருபுறமும் நாலு நாலு, நாடா உள்ளே ஓடும் பட்டிக்கு. துணியின் கரைக்கு இணையாக நெடுக்கு வரும்படி சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினேன். கொஞ்சம் சாய்ந்தாலும் பை துவைத்த பிறகு முறுக்கிக்கொள்ளும்.

அரை மணி ஆனதும் மாவுக்குத் திரும்பினேன். ஒதுக்கிய தண்ணீரில் கலந்த உப்பையும் ஈஸ்டையும் சேர்த்துப் பிசைந்தபோது முதலில் வழுக்கிக்கொண்டு பிரியும், பிறகு ஒரு நிமிடத்தில் திரும்பச் சேரும். பிசைந்து முடித்த மாவு காது மடல் போல மெத்தென்று இருந்தது. அதிலிருந்து சிறிது பிய்த்து, இரு கைவிரல்களாலும் மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிய படலமாக விரிய வேண்டும். அன்று அது விரிந்தது. ஓரத்தில் மட்டும் கிழிந்தது. அது போதும், மீதியை மடிப்புகள் பார்த்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை, மாவின் ஒரு பக்கத்தைக் கீழிருந்து இழுத்து மேலே மடிக்க வேண்டும், நான்கு பக்கமும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவில் கிடைக்கும் அரை மணிகள் தையலுக்கு.

முதல் அரை மணியில் நாடா வெளிவரும் பிளவுகள். மேல்விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே, பக்க ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அதற்கு மேலே உள்ள ஓரத்தை இரண்டு மடிப்பாக உள்பக்கம் மடித்துத் தைத்துவிட வேண்டும், துண்டின் நான்கு மூலைகளிலும். இதை முதலிலேயே முடித்துவிட்டால் பக்கத் தையல் போடும்போது பிளவின் விளிம்பும் தையலும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். நாடாப் பை தைக்கிறவர்கள் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், அப்போது அந்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டே இருக்கும். பிரெட் பைக்குள் நூல் பிசிறு கூடவே கூடாது.

அதே காரணத்துக்காகத்தான் பக்கங்களுக்குப் பிரெஞ்சுத் தையல். வழக்கமாக நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தைப்போம். இதில் முதலில் தலைகீழ்: நல்ல பக்கம் வெளியே இருக்க, ஓரத்திலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல். தையலுக்கு வெளியே இருக்கும் துணியை 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டிவிட்டு, பையை உள்வெளியாகப் புரட்டி, விளிம்பில் இஸ்திரி வைத்து அழுத்தி, இப்போது 6 மில்லிமீட்டரில் இரண்டாவது தையல். வெட்டிய ஓரம் முழுவதும் இரண்டு தையலுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். உள்ளே விரலை ஓட்டினால் வழவழப்பான ஒரு வரம்பு மட்டும் தட்டுப்படும். ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டில் இதைவிடச் சுத்தமான முடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இஸ்திரியைத் தவிர்க்காதீர்கள், தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பெட்டியை இழுத்தால் விளிம்பு நெளியும்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். 90 நம்பர் ஊசி, அதாவது 0.9 மில்லிமீட்டர் கனம். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். வெட்டி மிஞ்சிய துண்டில் ஓட்டிப் பார்த்தபோது அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அடியில் தொந்தரவு தெரிந்தால் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் கை தேடும். ஆனால் அடியில் தளர்ந்து தொங்குவது மேல்நூல். அதன் இறுக்கம்தான் போதவில்லை. இறுக்கத் தகடுகளுக்கு நடுவே பஞ்சுத்தூசு அடைத்துக்கொண்டு நூல் சரியாக உட்காராமல் இருந்தது. தூசை எடுத்துவிட்டு, துணியை அமுக்கும் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தேன். கால் மேலே இருக்கும்போதுதான் அந்தத் தகடுகள் விரிந்திருக்கும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் அவற்றுக்கு வெளியே நழுவி நிற்கும். அடுத்த சோதனைத் தையலில் இருபுறமும் ஒரே மாதிரி வந்தது. இறுக்கத் திருகைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பிரெஞ்சுத் தையலின் வரம்பு துணி மடிப்பின் மீது வரும் இடத்தில் கனம் ஏறுகிறது. அங்கே காலின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், துணி நகராது, தையல் ஒரே இடத்தில் குவியும். மடித்த துண்டுத்துணி ஒன்றைக் காலின் பின்பக்கம் அடியில் சொருகிக் கால் சமமாக இருக்கும்படி செய்தால் மெஷின் அந்த மேட்டைச் சாதாரணமாகக் கடந்துவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடப்பது இன்னும் பத்திரம்.

பால் பிரெட்டுக்கான மாவை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினேன், இரண்டும் ஓவனில் முட்டிக்கொள்ளாமல் இருக்க. மாவு 500, பால் 330, சர்க்கரை 25, உப்பு 9, ஈஸ்ட் 5, வெண்ணெய் 40 கிராம். வெண்ணெய் மட்டும் கடைசியில், மாவு இழைபிடித்த பிறகு. முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு மாவுத்துகளைப் பூசிக்கொண்டு இழை உருவாவதைத் தாமதப்படுத்தும். இது மெத்தென்ற பிரெட், மெல்லிய தோல். விரல் வலிக்கிறவர் இதை வெறும் கையால் பிய்த்துக்கூடச் சாப்பிடலாம்.

மூன்று மடிப்பும் முடிந்து உருண்டை மாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனதும், உருட்டி, மாவு தூவிய துணி விரித்த கூடையில் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது உப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதற்குக் கடிகாரத்தை நம்ப முடியாது. விரலால் லேசாகக் குத்திப் பார்க்க வேண்டும்: குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாக, பாதி மட்டும் நிமிர்ந்தால் ஓவனுக்குப் போகலாம், அப்படியே நின்றுவிட்டால் தாண்டிவிட்டது. பையின் நாடாப் பட்டியைத் தைத்துக்கொண்டே நடுநடுவே எழுந்துபோய்க் குத்திப் பார்த்தேன். இங்கேதான் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று தெரிந்தது. தையலை எந்த இடத்திலும் நிறுத்தலாம், ஊசி துணியில் குத்தியபடி காத்திருக்கும். தப்பினாலும் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். மாவு காத்திருக்காது, அதைப் பின்னால் திருப்பவும் முடியாது. அதனால் நாளை நடத்துவது மாவு, அதன் இடைவெளிகளில் நுழைவது தையல். இப்படி வைத்துக்கொண்டால் அவசரமே இல்லை.

பட்டிக்கு மேல்விளிம்பை முதலில் 1 சென்டிமீட்டர், பிறகு 3 சென்டிமீட்டர் மடித்து, கீழ் மடிப்பை ஒட்டி ஒரு தையல். நாடா 90 சென்டிமீட்டரில் இரண்டு. ஊக்கில் மாட்டி ஒரு பிளவிலிருந்து உள்ளே விட்டு, பையைச் சுற்றிக்கொண்டு அதே பிளவுக்கே திரும்பி வெளியே எடுக்க வேண்டும். இரண்டாவது நாடா எதிர்ப்பிளவிலிருந்து அதே போல. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய் நடுவில் சுருங்கி மூடும்.

விரல் வலி உள்ளவரின் பையில் இந்த இடத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். மெல்லிய கயிறு விரலை அறுக்கும், அதைக் கிள்ளிப் பிடிக்க விரல் நுனியில் பலம் வேண்டும். அவருக்கு 2 சென்டிமீட்டர் அகல பருத்தி நாடா; பட்டியை 3 சென்டிமீட்டருக்குப் பதில் மூன்றரை ஆக்கினேன், நாடா புரளாமல் வழுக்கிப் போக. சாட்டின் நாடா இன்னும் வழுக்கும், ஆனால் மூடிய வாய் தானாகத் திறந்துகொள்ளும். பருத்தியின் லேசான சொரசொரப்பு பிடித்து நிறுத்தும். நுனிகளில் முடிச்சு கிடையாது. இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்து, முழு உள்ளங்கையும் நுழைகிற கண்ணியாக விட்டேன். மூட வேண்டுமானால் இரு கண்ணிகளிலும் கையை நுழைத்து விலக்கினால் போதும். திறக்க, வாய்க்குள் கைகளை விட்டு அகட்டினால் போதும். எங்கும் விரல் நுனிக்கு வேலை இல்லை. சோதித்துப் பார்க்க, கனமான ஓவன் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு பையை மூடித் திறந்தேன். முதலில் இருந்த கண்ணியில் கையுறை சிக்கியது. நாடாவை நீட்டி 100 சென்டிமீட்டராக்கியதும் சுலபமாக நுழைந்தது. கையுறையோடு முடிகிறது என்றால் வலிக்கிற கையாலும் முடியும்.

அவருடைய பை இரண்டு அடுக்கு. மெத்தென்ற பிரெட் ஓரடுக்குத் துணியில் சீக்கிரம் வறண்டுவிடும், அதிலும் துண்டு போட்டது இன்னும் சீக்கிரம். அகலம் 27, பிரெட் நின்றபடி நுழைய அடியில் 12 சென்டிமீட்டர் பெட்டி மூலை: அடி மூலையை முக்கோணமாகத் தட்டையாக்கி, நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளிக் குறுக்கே தைப்பது. உள்பை, வெளிப்பை இரண்டையும் தனியாகத் தைத்து, வாயில் இணைத்து, உள்பையின் அடித் தையலில் விட்ட 10 சென்டிமீட்டர் திறப்பு வழியாகப் புரட்டி எடுத்துத் திறப்பை மூடினேன்.

சுடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உருண்டை பிரெட் மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தில், 230 டிகிரியில் 20 நிமிடம் மூடி, 22 நிமிடம் திறந்து. மூடிக்குள் தங்கும் ஆவி மேலோட்டை இளக்கமாக வைத்திருக்கும், பிரெட் முழுசாக உப்பிய பிறகுதான் அது இறுகும். உள்ளே வெப்பமானி 96 காட்டியது. பிறகு சூட்டைக் குறைத்து, பால் பிரெட் 190-ல் 35 நிமிடம், உள்ளே 93. பாலின் சர்க்கரையால் மேற்பகுதி சீக்கிரம் சிவக்கும். பாதி நேரத்துக்கு மேல் அலுமினியத் தாள் போட்டு மூடினேன்.

வெளியே எடுத்ததும் அறுக்கத் தோன்றும். அறுக்க வேண்டாம். உள்ளே மாவுச்சத்து இன்னும் கெட்டிப்படவில்லை, கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆற விட்டேன், அடியில் காற்றுப் போக. சூட்டோடு பையில் போட்டால் துணி நனைந்து, இவ்வளவு நேரம் காப்பாற்றிய மேலோடு நமத்துவிடும். அந்த நேரத்தில் இருவர் பெயரின் முதல் எழுத்தையும் பையின் கீழ்மூலையில் பின்தையலில் போட்டேன். நூலின் பின்முடிச்சு உள்பக்கம் உறுத்தாமல் இருக்க, முடிச்சே போடாமல் நூல் நுனியை அடுத்தடுத்த தையல்களுக்கு அடியில் செருகிவிட்டேன். பால் பிரெட்டை ஆறிய பிறகு 12 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து, பாதியைப் பையிலும் பாதியை ஃப்ரீசரில் வைக்கத் தனி உறையிலும் போட்டேன். உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம்.

இருவரும் பையைச் சில முறை துவைத்த பிறகு கேட்டுப் பார்த்தேன். உருண்டை பிரெட்காரர் பையை உள்வெளியாகத் திருப்பி உதறினாலே துகள் எல்லாம் போய்விடுகிறது என்றார். பிரெஞ்சுத் தையலில் துகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. மற்றவர் தினமும் கண்ணிகளை மணிக்கட்டில் மாட்டித்தான் மூடுகிறாராம், விரலையே பயன்படுத்துவதில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: பெட்டி மூலைகளில் துகள் சேர்கிறது, உள்பையை வெளியே இழுத்து உதற முடிந்தால் நன்றாக இருக்கும் என்று. உள்பை நகராமல் இருக்க, அதன் அடி மூலைகளை வெளிப்பையோடு சேர்த்து இரண்டு மூன்று தையல் போட்டிருந்தேன். அவற்றைப் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். வாயில் இணைந்திருப்பதே பிடிப்புக்குப் போதும். அடுத்து அவருக்காகத் தைக்கப்போகும் பையில் மூலைத் தையல் இருக்காது, பெட்டி அடியும் 12-க்குப் பதில் 10 சென்டிமீட்டர்தான்.